ஆன்மாவை அச்சுக் கோத்த ஆடி மாதம்

அச்சகத்தில் காப்பி வாசிக்கிற வேலை ரொம்ப எளிது: ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்துவதற்காக, நமக்கு ஒன்றும் புரியாமல், தொண்டை கிழியக் கத்த வேண்டும், அவ்வளவுதான்.

காப்பி வாசித்துக் குரல் கட்டிப்போன என் சக பாவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கையெழுத்துப் பிரதியை நான் உரக்க வாசிப்பேன். எதிரே புரூப் ரீடர் அருளானந்தம் சார், அச்சான புரூப் தாளில் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். நான் சொல்வதும் அவர் பார்ப்பதும் ஒத்துவராத இடத்தில் சிவப்பு மை விழும். கால்புள்ளி, முற்றுப்புள்ளியைக்கூட வாயால் சொல்ல வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு என்னைக் கைவிட்ட பிறகு சிவகாசியில் எனக்குக் கிடைத்த உத்தியோகம் இது. எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் குரலைக் கேட்டாலும் அது என் தொண்டைக்குள் குடிவந்துவிடும். பட்டாசு லேபிளும் கல்யாணப் பத்திரிகையும் வாசித்தவரை அதனால் ஊருக்கு ஒரு கெடுதலும் இல்லை. பிறகு தத்துவம் வந்தது.

புத்தகம் முடிந்தால் போகலாம்

ஆனி முடிகிற சமயம், விருதுநகரிலிருந்து ஒரு பேராசிரியர் கையில் தலையணை கனத்துக்கு ஒரு கட்டுடன் வந்து இறங்கினார். ‘மனிதன், ஆன்மா, சுதந்திரம்: மேலைநாட்டார் நோக்கு.’ கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே தத்துவம் சொல்லித்தரப் போகிறாராம். ஆடிக்குள் புத்தகம் வேண்டுமாம். தீபாவளி லேபிள் ஆர்டர் கழுத்தை நெரிக்கிற சீசன். லேபிளில் லாபம் உண்டு, மரியாதை இல்லை என்று முதலாளிக்கு வெகுநாள் குறை. ஒப்புக்கொண்டுவிட்டார்.

எழுத்துக் கோக்கிற ஐந்து கம்பாசிட்டர்களுக்கும் மூத்தவர் முத்தையா அண்ணாச்சி. அவருடைய ஆறு வயது மகளுக்குச் சித்திரையில் கண்வலி வந்து இமையே திறக்கவில்லை. இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். கண் திறந்தது. வெள்ளியில் கண்மலர் வாங்கித் தயாராக வைத்திருந்தார். ஆடிக் கடைசி வெள்ளியன்று பிள்ளையைக் கூட்டிப்போய்ச் சாத்த வேண்டும். தனக்கும், கூட வருகிற மற்ற நாலு பேருக்கும் சேர்த்து அந்த ஒரு நாள் லீவு கேட்டார்.

முதலாளி தொண்டையை இரண்டு தரம் செருமிவிட்டுச் சொன்னது: “புத்தகத்த முடிச்சுட்டு எங்கன வேணாலும் போ முத்தையா. ஆத்தா கோயில விட்டு எந்திரிச்சு எங்கயும் போயிர மாட்டா.”

வெள்ளைக் குதிரையும் கறுப்புக் குதிரையும்

பேராசிரியர் எழுதியிருந்த தத்துவஞானிகளின் பெயர்கள் எங்கள் நாக்குக்குப் படியவில்லை. ஆகவே ஊரை வைத்துக் கூப்பிட்டோம். மல்லாங்கிணற்று மாப்பிள்ளை, ஆமத்தூர்ச் சித்தப்பா என்று கூப்பிட்டுப் பழகிய ஜனத்துக்குக் கிரேக்கத்தார், ஸ்காட்லாந்துக்காரர் எல்லாம் ஒரு கஷ்டமா?

கிரேக்கத்தார் கணக்கில் மனிதனின் ஆன்மா ஒரு ரதம். ஒரு சாரதி, இரண்டு குதிரை. வெள்ளைக் குதிரை யோக்கியம், மேலே இழுக்கும். கறுப்புக் குதிரை போக்கிரி, கீழே இழுக்கும். இதைப் போய் ஒரே குரலில் வாசிப்பது கிரேக்கத்தாருக்கு அவமரியாதை அல்லவா? வெள்ளைக் குதிரையை அருளானந்தம் சார் குரலில், ஞாயிற்றுக்கிழமை ஜெபம் செய்கிற இழுவையோடு வாசித்தேன். கறுப்புக் குதிரைக்கு முதலாளியின் செருமலைக் கொடுத்தேன். கம்பாசிட்டர்கள் எழுத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். சார் முகம் சிவந்ததே தவிர, தாளில் சிவப்பு விழவில்லை. எட்டுப் பக்கம் திருத்தமே இல்லாமல் தாண்டிப்போனது தெரிந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். இந்தத் தடவை கால்புள்ளிக்குக்கூட உணர்ச்சி காட்டக் கூடாது என்று உத்தரவு.

நான் வெற்றிக் களிப்போடு தண்ணீர் குடிக்கப் போனபோது முத்தையா அண்ணாச்சி மட்டும் சிரிக்காமல் நின்றார். “ஏலே, ஒன் குதிர ஓடுனதுல எனக்கு அரை நாளு போச்சு. வெள்ளிக்கிழமைக்கு நீயா வந்து பிள்ளையக் கூட்டிட்டுப் போவ?”

ஆன்மாவுக்குப் பஞ்சம்

தத்துவப் புத்தகத்தை அச்சுக் கோக்கும்போது முதலில் தீர்ந்துபோவது பொறுமை இல்லை, ‘ஆ’. எங்கள் அச்சகம் லேபிளுக்காக எழுத்து வாங்கி வைத்த இடம். அணுகுண்டு, புஸ்வாணம், சங்குசக்கரத்துக்கு எத்தனை ‘ஆ’ வேண்டும்? பேராசிரியரோ ஒரு பக்கத்துக்கு முப்பது ஆன்மா வைத்திருந்தார். மூன்றாவது அத்தியாயத்தில் பெட்டி காலி. எழுத்து தீர்ந்தால் கம்பாசிட்டர்கள் வேறொரு எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார்கள். புரூப்பில் அந்த இடத்தில் கறுப்பாக ஒரு கட்டி விழும். அச்சடித்து முடிந்த பக்கங்களைப் பிரித்து எழுத்து திரும்பி வந்ததும் கட்டியை எடுத்துவிட்டு மாற்றுவார்கள். அதுவரை காத்திருக்க வேண்டும். முத்தையா அண்ணாச்சி காலண்டரைப் பார்த்தபடி காத்திருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த அத்தியாயம் ஸ்காட்லாந்துக்காரருடையது. அவர் தனக்குள்ளே எட்டிப் பார்த்தாராம். சூடு, குளிர், ஆசை, எரிச்சல் எல்லாம் தட்டுப்பட்டதாம். ‘நான்’ என்று ஒரு ஆளை மட்டும் காணோமாம். அவர் ஆன்மாவைத் தேடிய இடமெல்லாம் புரூப்பில் கறுப்புக் கட்டி. பேராசிரியர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மெய்மறந்து, “இந்த அத்தியாயத்துக்கு மட்டும் இப்படியே விட்டுவிடலாமா?” என்றார். முத்தையா அண்ணாச்சி முகத்தில் விளக்கெரிந்தது. ஆனால், தப்பும் தவறுமாக அடித்தார்கள் என்று ஊர் சொல்லும் என முதலாளி மறுத்துவிட்டார். மதுரைக்கு ஆள் அனுப்பிப் புது எழுத்து வாங்கச் சொல்லிவிட்டு, பேராசிரியரை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஆன்மா இல்லேன்னு சொல்றதுக்கு எதுக்குய்யா அம்புட்டு ஆ?”

ஹாலந்துக் கல்

பைண்டிங்கில் தாள் மடிக்கிற பேச்சியம்மாள் அக்கா இங்கே வருவதற்கு முன் பட்டாசுக் கம்பெனியில் ராக்கெட்டுக்குக் குச்சி கட்டியவர். ஹாலந்துக்காரர் சொன்னதை அவருக்கு நான் இலவசமாகப் பிரசங்கம் செய்தேன், பேராசிரியர் குரலில், அவர் கண்ணாடியைத் தூக்கிவிடுகிற பாவனை சகிதம். “அம்மையே! ஒருவன் எறிந்த கல்லுக்குப் பறக்கும்போது புத்தி வந்தால், தன் விருப்பத்தால்தான் பறக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளும். மனிதனின் சுதந்திரமும் அத்தகையதே!”

அக்கா மடித்த தாளின் மடிப்பை எலும்புத் தகட்டால் தேய்த்துக்கொண்டே யோசித்தார். ராக்கெட்டும் அப்படித்தான் என்று நான் எடுத்துக் கொடுத்தேன். அதைக் காதில் வாங்கவில்லை. “கல்லுக்குப் புத்தி வருதோ வரலையோ, அது கெடக்கட்டும் தம்பி. எறிஞ்சவனுக்கு இருந்துச்சான்னு எழுதியிருக்காகளா?”

வெடித்த அத்தியாயம்

ஆன்மா அழிவற்றது என்கிற அத்தியாயத்தை மிஷினில் ஏற்றி அடித்து முடித்த மறுநாள் பேராசிரியருக்கு ஒரு சந்தேகம் வந்தது. எல்லாவற்றையும் சந்தேகிக்கச் சொன்ன பிரெஞ்சுக்காரரை அதற்கு முந்தின வாரம்தான் வாசித்திருந்தோம். அந்தச் சனியன் ஒட்டிக்கொண்டது போலும். அழிவற்றதா, அழிவற்றதாகக் கருதத்தக்கதா? அத்தியாயத்தையே திருப்பி எழுதினார். அடித்த தாள் அத்தனையும் கழிவு. முத்தையா அண்ணாச்சிக்கு இரண்டு நாள் போனது. அவர் எழுத்தைக் கோக்கிற ஸ்டிக்கில் வைக்கிற சத்தம் அன்றைக்குக் கூடுதலாகக் கேட்டது.

எங்கள் ஊரில் கழிவுத்தாளுக்கு மோட்சம் ஒரே இடம்தான்: ஊர்க்கோடிப் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குச் சுற்றுகிற குழல். அழிவற்ற ஆன்மா அங்கே போய்ச் சேர்ந்தது. நாலு நாள் கழித்து அந்தக் கம்பெனி போர்மேன் லேபிள் வாங்க வந்தார். சட்டைப் பையிலிருந்து கருகின துண்டுத்தாள் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். ஒரு வார்த்தை மட்டும் தப்பியிருந்தது: ‘அழிவற்ற’.

பேராசிரியருக்கு அனுப்பிவைக்கலாமா என்று கேட்டேன். போர்மேனுக்கு வேறு கவலை. “சாம்பிளு வெடிச்சுப் பார்த்தோம், தம்பி. சத்தம் கம்மியாத்தான் இருக்கு. இனிமே எழுத்து கொஞ்சமா இருக்கிற தாளா அனுப்பச் சொல்லுங்க.”

வியாழக்கிழமைச் சுதந்திரம்

கடைசி வெள்ளிக்கு முந்தின நாள். கடைசி அத்தியாயத்தின் புரூப் வந்துவிட்டது. திருத்தி மிஷினில் ஏற்றினால் சாயங்காலம் இருக்கன்குடிக்குப் போகச் சாத்தூர் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். முத்தையா அண்ணாச்சியின் மகள் புதுப் பாவாடையோடு பைண்டிங்கில் பேச்சியம்மாள் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். கண்மலர்ப் பொட்டலம் அவள் மடியில்.

மத்தியானம் பேராசிரியர் வந்தார். கையில் புதிதாகப் பதினாலு தாள். சுதந்திரத்தைப் பற்றி இன்னும் சில சொல்ல வேண்டியிருக்கிறதாம். முத்தையா அண்ணாச்சி முதலாளியின் தடுப்பறைக்குள் போனார். போன வேகத்தில் வெளியே வந்தார். முதலாளி உள்ளிருந்தே, “பதினாலு தாளையும் கோத்துட்டுப் போ!” என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கத்துக்குச் சாய்ந்துவிட்டார். அண்ணாச்சி மகளிடம் என்ன சொன்னாரோ, அவள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்துக்கொண்டாள்.

பேராசிரியர் எதிரிலேயே கடைசி அத்தியாயத்தை வாசிக்க உட்கார்ந்தேன். “நல்லாச் சத்தமா வாசி” என்றார் அருளானந்தம் சார். சார் சொன்னதை நான் மீறலாமா? தொண்டையை இரண்டு தரம் செருமினேன். முதலாளி வந்து குடியேறினார்.

“எந்த மனிதனையும் வெறும் கருவியாக எண்ணாதே! முற்றுப்புள்ளி. அவனவனுக்கு அவனவன் நோக்கம் உண்டு! முற்றுப்புள்ளி. எழுந்து போக முடியாதவன் மனிதன் அல்லன், கால்புள்ளி, இயந்திரமே! உன் வழியை நீயே தேர்ந்துகொள்! இன்றே தேர்ந்துகொள்! இப்போதே எழுலே!”

எல்லாம் பேராசிரியர் எழுதியது. பிரஷ்யாக்காரர் ஒருவரையும் போன யுத்தத்துக்குப் பிறகு கிளம்பிய பிரெஞ்சுக்காரர் ஒருவரையும் கலந்து பொங்கி எழுதியிருந்தார். நான் சேர்த்தது ஒரே ஒரு ‘லே’. எங்களையும் கம்பாசிட்டர்களையும் பிரிக்கிற துணித்திரைக்கு அந்தப்பக்கம் எழுத்து வைக்கிற சத்தம் நின்றது. பிறகு செருப்புச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

முதலாளி கண் விழித்து வந்தபோது ஐந்து ஸ்டூலும் காலி. ஸ்டிக்குகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. சாத்தூர் பஸ் போய் அரை மணி ஆகியிருந்தது. “எவன்லே போகச் சொன்னது?” என்று அவர் போட்ட சத்தத்தில் டிரெடில் அச்சு மிஷின்கூட நின்றது. அருளானந்தம் சார், நான் யார் குரலில் வாசித்தேன் என்பதையும் சொல்லிப் புரூப்பைக் காட்டினார். முதலாளி அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுப் பேராசிரியரைப் பார்த்தார்.

சுதந்திரத்துக்குப் பதினாலு தாள் அதிகம் எழுதிய மனிதர் மேல்துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அது... பொதுவாகச் சொன்னதுங்க. இந்த வியாழக்கிழமைக்கென்று சொன்னதல்ல.”

விசாரணை

சனிக்கிழமை காலையில் ஐந்து பேரும் வந்தார்கள். முத்தையா அண்ணாச்சி தலையில் மொட்டையும் சந்தனமும். கண்மலர் சாத்தியாகிவிட்டது, மகள் அம்மன் முகத்தை நன்றாகப் பார்த்தாளாம், மூக்குத்தி எந்தப் பக்கம் என்றுகூடச் சொன்னாளாம். அவளைப் பற்றிப் பேசும்போது சிரித்தவர், முதலாளி கூப்பிட்டதும் நிறுத்திக்கொண்டார்.

முதலாளிக்குச் சங்கடம். தீபாவளி சீசனில் ஐந்து கம்பாசிட்டரை வெளியே அனுப்பினால் மறுநாளே எதிர்த்த அச்சகத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் அவரே ஒரு வழியைத் திறந்து வைத்தார். என்னைக் காட்டி, “இந்தப் பய என் குரல்ல பேசி ஏமாத்திட்டான், தெரியாமப் போயிட்டோம்னு சொல்லு. அம்புட்டுத்தான். நீங்க வேலயப் பாருங்க” என்றார். தலையை மட்டும் ஆட்டினால் போதும், அண்ணாச்சி தப்பித்தார். குதிரை ஓடியதற்கு அவர் கணக்குத் தீர்க்க இதைவிட நல்ல சமயமும் கிடைக்காது. ஆட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் மொட்டையைத் தடவிக்கொண்டார். “பொய் சொல்ல மாட்டேன் முதலாளி, கோயிலுக்குப் போயிட்டு வந்திருக்கேன். நீங்க என்னைக்கு அம்புட்டு நல்ல வார்த்த பேசியிருக்கீக? முத வரியிலயே இவன்தான்னு எங்க அஞ்சு பேருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் எந்திரிச்சுப் போனோம்.”

பேச்சியம்மாள் அக்கா தாள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றார். முதலாளி இரண்டு தரம் செருமினார். “சரி. போயி பதினாலு தாளையும் கோக்கிற வேலயப் பாருங்க” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“அவன் தேர்ந்தெடுத்துட்டான். நானும் தேர்ந்தெடுத்துட்டேன். ஏலே, நீ இன்னையிலருந்து சுதந்திரமா இரு, வீட்டுக்குப் போ.”

மனிதன் சுதந்திரமானவனா இல்லையா என்று மேல்நாட்டில் இரண்டாயிரம் வருஷமாக முடிவு காணவில்லையாம். சிவகாசியில் ஒரு முதலாளியிடம் அனுப்பியிருந்தால் ஒரே காலையில் தீர்த்துக் கையோடு வீட்டுக்கும் அனுப்பியிருப்பார்.