குறைந்தபட்சம் எவ்வளவுக்கு வருவீர்கள்

எங்கள் கைடை நல்ல மனிதர் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். எம்.ஏ. பொருளாதாரம் கடைசி வருடம் ப்ராஜெக்டுக்கு அவர் தயாரித்துக் கொடுத்த கேள்வித்தாளின் கடைசிக் கேள்விக்காக அவரை நான் மன்னிக்கப்போவதில்லை.

கூலிக்காரர்கள் காலையில் வேலைக்காக வந்து நிற்கும் இடத்தை ஹைதராபாத்தில் அட்டா என்பார்கள். தார்நாகாவிலிருந்து மெட்டுகுடா போகும் வழியில் ஒன்று இருந்தது. ஆண்கள் கொத்துக்கரண்டியும் பிரஷ்ஷுமாக நிற்பார்கள். பெண்கள் சாப்பாட்டு டப்பாவோடு நடைபாதையில் உட்கார்ந்திருப்பார்கள். மேஸ்திரிகள் பைக்கிலும் டிராலி ஆட்டோவிலும் வந்து ஆள் பிடிப்பார்கள். யாரிடம் கேட்டாலும் ஒரே கூலிதான் சொல்வார்கள். வீட்டில் அடுப்பு எரியாதவன்கூட அதற்குக் கீழே வாயைத் திறக்க மாட்டான். அந்த அட்டாவில் அவர்களுக்கு இருந்த ஒரே பலம் அதுதான்.

கேள்வித்தாளோடு அங்கே என்னுடன் வந்த தோழி சைனிக்புரிக்காரி, ராணுவத்தில் இருந்தவரின் மகள். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்தது இங்கே. தெலுங்கு தண்ணீராக வரும். எனக்குத் திருநெல்வேலித் தமிழை விட்டால் கொஞ்சம் ஆங்கிலம். அதனால் அவள் கேட்பாள், நான் எழுதுவேன்.

பாலமூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சித்தாள் எங்களைப் பார்த்தாலே சிரிப்பாள். முன்கையில் தேள் பச்சை குத்தியிருந்தாள்.

"என்னட்டி சொல்லுதா?" என்று நான் கேட்டேன்.

"அவ்வளவு படிச்சிட்டு நீங்களும் ரோட்டுலதான் நிக்கிறீங்க, நாங்களாவது மண்ணு தூக்குறோம்னு சொல்றா டி."

கடைசிக் கேள்வி இதுதான்: குறைந்தபட்சம் எவ்வளவு கொடுத்தால் இன்று வேலைக்குப் போவீர்கள்? அட்டா கூலியைச் சொன்னால் அதோடு விடக்கூடாது. குறைத்துக் குறைத்துக் கேட்க வேண்டும். அதற்குக் கீழே முடியாது என்று சொல்லும் தொகையைத்தான் எழுத வேண்டும். வகுப்பில் இதற்குப் பெரிய பெயர் உண்டு. சந்தையில் மாட்டுக்கு விலை கேட்பதும் இப்படித்தான்.

தேள் பச்சைக்காரி முதலில் அட்டா கூலியைத்தான் சொன்னாள். தோழி குறைத்தாள். அவள் முடியாது என்று தலையாட்டினாள். இன்னும் குறைத்தாள். அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குழந்தைக்குக் காய்ச்சல், வெறுங்கையோடு போக முடியாது என்று சொல்லி, அட்டா கூலியில் பாதியை முணுமுணுத்தாள். பதிலைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது கைடு சொல்லிக் கொடுத்த முறை. தோழி திருப்பிச் சொன்னாள். தெலுங்கில், சத்தமாக.

எங்கள் பின்னால் பைக்கில் ஒரு மேஸ்திரி உட்கார்ந்திருந்தான். "அவ்வளவுதானா? அப்ப அந்தக் கூலிக்கே நாலு பேர் ஏறுங்க" என்று பக்கத்தில் நின்ற டிராலி ஆட்டோவைக் காட்டினான். சிறிது நேரம் யாரும் அசையவில்லை. பிறகு ஒருத்தி ஏறினாள். அவளைத் திட்டிக்கொண்டே இன்னொருத்தியும் ஏறினாள். எங்களுக்குப் பதில் சொன்னவளும் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு ஏறினாள். அடுத்து வந்த மேஸ்திரிகளும் அதே கூலியைத்தான் சொன்னார்கள். சேதி அதற்குள் பரவிவிட்டது.

மறுநாள் போனபோது ஒரு பூச்சுவேலைக்காரர் எங்களை மறித்தார்.

"கைக்கு ஆயே? நக்கோ, ஜாவ்." எதுக்கு வந்தீங்க, வேண்டாம், போங்க என்றார் ஹைதராபாத் உருதுவில்.

அவள் எங்கே என்று தோழி கேட்டாள். கூலியைக் கெடுத்தவளை இங்கே நிற்க விடமாட்டோம், விரட்டிவிட்டோம் என்றார். கேட்டது நாங்கள்தான், அவள்மேல் தப்பில்லை என்று தோழி அவரிடம் மன்றாடினாள்.

"கேட்டா சொல்லிடறதா?" என்றார்.

கைடிடம் போய்ச் சொன்னோம். அவர் முகம் மலர்ந்தது. போட்டி வந்தால் கூலி இறங்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது என்றார். அதே ஆட்களிடம் மறுபடி கேட்க வேண்டிய இரண்டாம் சுற்றில் அவளைக் காணோமே, என்ன எழுதுவது என்று கேட்டேன். "அட்ரிஷன்" என்றார். ஆள் விட்டுப்போவதற்கு எங்கள் துறையில் அதுதான் சொல். நான் நடந்ததை ஒரு பத்தியாக எழுதி வைத்தேன். சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, வைவாவில் இதைப் பேசினால் ப்ராஜெக்டே நிற்காது என்றார்.

"விடு டி. டிகிரி வேணும்ல," என்றாள் தோழி. அவள் கண் சிவந்திருந்தது.

டிகிரி வந்தது. நல்ல மார்க்கும் வந்தது. அந்தச் சித்தாள் சொன்ன தொகை வரைபடத்தின் அடியில் ஒரு புள்ளியாக இருக்கிறது.

வைவா முடிந்த பிறகு நாங்கள் இருவரும் வேறு அட்டாக்களில் அவளைத் தேடினோம். பாலமூர்க்காரி, கையில் தேள் பச்சை, சிரிச்ச முகம் என்று தோழி விசாரித்தாள். ஓர் இடத்தில் நாலைந்து பெண்கள் ஆர்வமாகச் சூழ்ந்துகொண்டார்கள்.

"பேரு என்ன?" என்று ஒருத்தி கேட்டாள்.

எங்களுக்குத் தெரியாது. பெயர் கேட்கக்கூடாது என்பது கேள்வித்தாளின் முதல் விதி. பதில் சொல்பவர்களுக்கு எங்களால் எந்தத் தீங்கும் வந்துவிடக் கூடாதாம்.