வாழைப்பொத்திக்கு அடுத்ததாக நான்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு ஒரு பாடவேளை முழுக்கத் தமிழ் படிப்பித்தவன் நான்.

பொய். அந்தப் பாடவேளை முழுக்க வாய் திறக்கக்கூடாது என்று சொல்லித்தான் என்னை உள்ளே விட்டார்கள். பிள்ளைகள் பார்த்து எழுதுவதற்காக முன்னால் கொண்டுபோய் இருத்தப்பட்ட சாமான் நான். எனக்கு முந்தின கிழமை அதே இடத்தில் ஒரு வாழைப்பொத்தி இருந்தது. எழுதி முடிந்ததும் அதை ஒரு ரீச்சர் வறை செய்ய வீட்டுக்குக் கொண்டுபோனார். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

தெல்லிப்பழை ஆசுப்பத்திரிக்கு முன்னால் ஓட்டோ ஓடுகிறேன். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. சண்டைக்குள் ஊரை விட்டு ஓடினோம். போய்ச் சேர்ந்த இடத்தில் எங்களைப் பள்ளிக்கூடத்தில்தான் விட்டார்கள். சமைத்தது, படுத்தது, சண்டை பிடித்தது எல்லாம் வகுப்பறைக்குள். கூரை ஒழுகினால் கரும்பலகையைக் கழற்றி மறைப்புக் கட்டுவோம். அந்த வயதில் என்னளவு நேரம் பள்ளிக்கூடத்துக்குள் இருந்தவன் குறைவு. படிக்கத்தான் இல்லை. அதனால் எழுத்துகளை எனக்குத் தனித்தனியாகத் தெரியும். கூட்டமாக வந்தால்தான் ஆளை மட்டுக்கட்ட முடியாது. இதைக்கூட ஹையர் வரும்வரை ஓட்டோவுக்குள் இருந்து போனுக்குச் சொல்கிறேன், காதில் விழுந்ததெல்லாம் போன்தான் எழுதுகிறது. பிழை இருந்தால் போனோடு கதையுங்கள்.

மற்ற ஓட்டோக்காரருக்கு அப்போது இது தெரியாது. தினமும் காலையில் தரிப்பிடத்தில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு இருப்பேன். படத்தைப் பார்த்துவிட்டு மிச்சச் செய்தியை நானே சொல்லுவேன். பேப்பரில் இருந்ததைவிட என்னுடைய செய்தி நன்றாக இருந்தபடியால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. மனைவிக்கு மட்டும் தெரியும். மகளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

மகளின் தமிழ் ரீச்சர் வட்டுக்கோட்டைப் பக்கமிருந்து ஸ்கூட்டியில் வருபவர். ஒருநாள் ஸ்கூட்டி நின்றுபோக, ஒரு கட்டுக் கொப்பியோடு என் ஓட்டோவில் ஏறினார். ஏறினதும் கேட்டார்:

“அண்ணை, உங்கடை ஊரிலை ஆறு எங்கை இருக்கு?”

“ஆறோ? மாரியிலை வெள்ளம் வடியிற வாய்க்கால் ஒண்டு இருக்கு ரீச்சர். கோடையிலை அதுக்குள்ளை பெடியள் கிரிக்கெட் அடிப்பாங்கள்.”

“‘எங்கள் கிராமம்’ எண்டு கட்டுரை குடுத்தனான். முழு வகுப்பின்ரை கொப்பியிலையும் ஆறு சலசலவெண்டு ஓடுது. மலையிலை இருந்து இறங்கி வேறை ஓடுது.”

“மலையோ?”

“ஓம். உங்கடை மகளின்ரை கொப்பியிலையும்.”

“அப்ப நான்தான் கவனிக்கேல்லை. எல்லாப் பக்கமும் ஹையர் போறன், ஒரு ஏத்தமும் காணேல்லை.”

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், முகம் களைத்துப்போய் இருந்தது. பிள்ளைகள் எல்லோரும் ஒரே ரியூசனுக்குப் போகிறவர்கள். அங்கே சேர் ஒரு கட்டுரையைச் சொல்ல, அவர்கள் எழுதிப் பாடமாக்குவார்கள். எந்த நாட்டு ஆறோ தெரியாது, எத்தனை கைமாறி வந்ததோ தெரியாது, எங்கள் ஊர் வெங்காயத் தோட்டத்துக்குள்ளால் ஓடிக்கொண்டிருந்தது. மார்க்ஸ் கிடைத்தது. பிறகு யார் ஆற்றைத் தேடப் போகிறார்கள்?

அடுத்த கிழமையிலிருந்து ரீச்சர் ஒரு வேலை தொடங்கினார். கிழமையில் ஒரு பாடவேளை ஒரு பொருளை முன்னால் வைத்துவிடுவார். பாதிநேரம் பேனையைத் தொடக்கூடாது, பார்க்க வேண்டும். மிச்ச நேரம் எழுதலாம். ஆனால் ‘அழகான’, ‘இனிய’ என்று ஒன்றும் போடக்கூடாது. கண் கண்டது, காது கேட்டது, மூக்கு மணந்தது, அவ்வளவுதான். முதலில் பிள்ளைகள் அழுதார்களாம். அழகான என்ற சொல்லைப் பறித்தால் வாழைப்பொத்தியைப் பற்றி என்னத்தை எழுதுவது?

பிறகு எழுதினார்கள். என் மகள் வீட்டுக்கு வந்து, பொத்தியின் ஒரு மடலைத் திறந்தால் உள்ளே பூக்கள் சீப்புப் பல்லு மாதிரி அடுக்கி இருக்குது, நீங்கள் பார்த்தனீங்களோ என்று கேட்டாள். வாழ்நாள் முழுக்கப் பொத்தி தின்றவன், பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஓம் என்றேன்.

அதற்குப் பிறகுதான் ரீச்சர் தரிப்பிடத்துக்கு வந்தார்.

“அண்ணை, வாற கிழமை ஒரு ஆள் வேணும். கதைக்கக்கூடாது, சும்மா இருக்கவேணும்.”

“சும்மா இருக்க என்னை விட்டா ஊரிலை ஆள் இல்லை ரீச்சர்.”

தலைக்கு டை அடித்தேன். புதுச் சேட் ஒன்று எடுத்தேன். வெளிக்கிடும்போது மகள் வாசலில் மறித்தாள்.

“அப்பா, அங்கை பகிடி விடாதேங்கோ.”

“ஏன் பிள்ளை, சிரிக்கமாட்டாங்களோ?”

“சிரிப்பாங்கள். அதுதான் சொல்லுறன்.”

பகிடி விடாமல் ஆட்களுக்கு முன்னால் இருந்து எனக்குப் பழக்கமில்லை. கதிரையில் இருந்தேன். ஒரு வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். ஆசுப்பத்திரியில் டொக்டர்கூட என்னை இப்படிப் பார்த்ததில்லை. அவர் மருந்துத் துண்டைத்தான் பார்ப்பார். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கரும்பலகையில் ரீச்சர் என்னவோ எழுதியிருந்தார். பிள்ளைகளைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

எழுதி முடிந்ததும் ரீச்சர் சிலதை வாசித்தார். “இவரின் தலைமயிர் கறுப்பு. காதின் மேல்பக்கமும் கறுப்பு.” “சேட்டின் கழுத்தில் விலைத்துண்டின் நூல் நிற்கிறது.” “சிரிக்கும்போது ஒரு பல்லு இல்லாத இடத்தை நாக்கால் மறைக்கிறார்.” வகுப்பு குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். என் மகளின் தாளை எடுத்த ரீச்சர், முழுக்க மனதுக்குள் வாசித்துவிட்டு மடித்தார். மணி அடித்த பிறகு வாசலில் வைத்து என்னிடம் தந்தார்.

“இதை நீங்கள் வாசிக்கவேணும் அண்ணை. இந்த வருசம் எனக்குக் கிடைச்சதிலை நல்ல எழுத்து இதுதான்.”

நான் தாளை விரித்து, தலையை ஆட்டி, “அருமை” என்றேன். ரீச்சர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை.

தரிப்பிடத்தில் எனக்கு அடுத்ததாக நிற்கும் ஓட்டோக்காரன் உயர்தரம் வரை படித்தவன். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன், இதை ஒருக்கால் வாசி என்று நீட்டினேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. அவன் எல்லோருக்கும் கேட்கும்படி தொடங்கினான்.

“என் அப்பா கதிரையின் நுனியில் இருக்கிறார். முழுக் கதிரையும் அவருக்குத்தான், ஆனால் நுனியில் இருக்கிறார். யாராவது பார்த்தால் முதலில் சிரிக்கிறார். பிறகுதான் யாரென்று பார்க்கிறார். இப்போது கரும்பலகையைப் பார்க்கிறார். வாசிக்கிறவர்களின் கண் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம் போகும். அப்பாவின் கண் ஒரே இடத்தில் நிற்கிறது. பேப்பர் பிடிக்கும்போதும்...”

அவன் குரல் இறங்கி நின்றுபோனது.

“மிச்சம்?” என்றேன்.

“மிச்சம் விளங்கேல்லை அண்ணை. மை பரவிக் கிடக்கு.”

தாளை வாங்கிப் பார்த்தேன். மகளின் எழுத்து முத்து முத்தாக இருந்தது. மை எங்கும் பரவவில்லை. அந்த ஒன்றை மட்டும் என்னால் வாசிக்க முடிந்தது.

மறுநாள் அவன் என் கைக்கு வருமுன் பேப்பரை எடுத்து, தனக்குத்தான் என்கிற மாதிரி, சத்தமாக வாசித்தான். மரண அறிவித்தலைக்கூட விடவில்லை. அவன் ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன். இரக்கப்பட்டான், நான் ஓட்டோக் கண்ணாடியைத் துடைத்தேன்.

வலய மட்டக் கட்டுரைப் போட்டிக்கு ‘என் தந்தை’ என்று தலைப்பு வந்தது. ரீச்சர், நான் திருப்பிக் கொடுத்திருந்த மகளின் தாளைத்தான் அனுப்ப வேண்டும் என்று நின்றார். பள்ளிக்கூட அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

“இதிலை என்ன இருக்கெண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியும் சேர். எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு இருக்கு.”

“ஊர் முழுக்க வாசிக்கப் போகுதே.”

“நான் ஒருத்தன் வாசிக்காட்டி என்ன சேர். ஊராவது வாசிக்கட்டும்.”

அதிபர் தலையில் கை வைத்தார். “நீங்கள் எல்லாத்துக்கும் பகிடி. பெட்டைக்கு இதுக்கு மார்க்ஸ் விழாது. உவமை இல்லை, முடிவுரை இல்லை. ரியூசன் சேரின்ரை கட்டுரைக்கு எல்லாம் இருக்கு.”

“இல்லாதது தேப்பன் மட்டும்தான் சேர்.”

“சரி, நீங்கள் ஓமெண்டா அனுப்பலாம்.”

ஓம் என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு நோகவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பிறந்ததிலிருந்து ஒருவரும் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அதைப் பொய் என்று சொல்லி எடுத்துவிட்டால் எனக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

வீட்டில் மனைவி அழுதுகொண்டிருந்தாள். “தேப்பனை விக்கவோ இவளைப் படிக்க விட்டனாங்கள்? நாலு வேலியடியிலை இதைத்தான் கதைப்பினம்.” சாப்பிடும்போது நான் ஒரு பகிடியும் விடவில்லை. விட நினைத்தேன், வரவில்லை. அதையும் மகள் பார்த்திருக்க வேண்டும். பார்க்கப் பழகிய கண் மணி அடித்ததும் மூடாதே. தாய் சட்டிக்குள் அகப்பையை வெறுமனே சுற்றிக்கொண்டு நின்றதையும் பார்த்திருப்பாள். காலையில் அவளே போய் ரீச்சரிடம் தாளைத் திருப்பி வாங்கிவிட்டாள். வேறொன்று எழுதிக் கொடுத்தாள்.

அதற்கு முதல் பரிசு.

பரிசளிப்பு விழாவில் எங்களை முன்வரிசையில் இருத்தினார்கள். என் மகள் மைக்குக்கு முன்னால் நின்று வாசித்தாள். “என் தந்தை என் வாழ்வின் கலங்கரை விளக்கம். அதிகாலையில் எழுந்து நாளிதழ்களை ஆழ்ந்து வாசிப்பார். மாலையில் ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று அறிவுரை கூறுவார்.” பாடமாக்கியதைச் சொல்லும் குரல். ஒரு இடத்திலும் தடக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு தகப்பன் என் தொடையில் தட்டினார்.

“குடுத்து வைச்சனீங்கள்.”

“ஓம். அந்த ஆத்தங்கரைக்குப் போய்வரப் பெற்றோல்தான் கட்டுப்படியாகேல்லை.”

அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. நான் கை தட்டினேன். தமிழ் ரீச்சர் கடைசி வரிசையில் இருந்தார், தட்டவில்லை. அடுத்த தவணை தொடங்கியதும் அவருடைய அந்தப் பாடவேளையில் பழைய வினாத்தாள் செய்யச் சொல்லி அதிபர் உத்தரவு போட்டார். பரிசு எந்தக் கட்டுரைக்கு வந்தது என்று தெரியுந்தானே ரீச்சர் என்று கேட்டாராம்.

சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோம். வருகிறவர்களுக்கு மனைவி காட்டுகிறாள். மகள் நல்ல பிள்ளை, முன்பைவிட மரியாதை, முன்பைவிட மார்க்ஸ். என்னைப் பார்ப்பதைத்தான் விட்டுவிட்டாள். சோறு போடும்போது கோப்பையைப் பார்க்கிறாள். கதைக்கும்போது என் தோளுக்குப் பின்னால் சுவரைப் பார்க்கிறாள். பார்த்தால் இன்னும் எதையாவது கண்டுவிடுவோமோ என்று பயப்படுகிறவள் மாதிரி.

போன ஞாயிறு காலையில் பொறுக்க முடியவில்லை. கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் அவளுடைய மேசைக்கு முன்னால் போட்டு இருந்தேன்.

“என்னப்பா?”

“பாத்து எழுது.”

“என்னத்தை?”

“என்னைத்தான். ஒண்டும் விடாமல் எழுது. வாசிக்கத் தெரியாதெண்டதையும் எழுது. அம்மாவோடை நான் கதைக்கிறன்.”

பேனை மூடியைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தாள். பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டுதான், சொன்னாள்:

“நீங்கள் இப்ப பாக்கிறதுக்கெண்டு வந்து இருக்கிறியள் அப்பா. அப்பிடி இருந்தா ஒண்டும் தெரியாது.”

சரி என்று எழும்பினேன். வேறு என்ன செய்வது? வெளியில் போய் ஓட்டோவைக் கழுவத் தொடங்கினேன். வாளியில் தண்ணீர் அள்ளி, முன் சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சேற்றைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், பின்னால் வாசல்படியில் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. மனைவி குசினிக்குள் தேங்காய் திருவுகிறாள், அது அவள் இல்லை. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். தேய்த்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்க்கிறேன். கொஞ்ச நேரம் போக, கொப்பித் தாள் ஒன்று திருப்பப்படுகிற மாதிரி...

“அண்ணை, போனோடை என்ன கதை? உங்கடை முறை. வாட்டிலை இருந்து துண்டு வெட்டி வீட்டை விட்ட அம்மா ஒராள், மல்லாகத்துக்குப் போகவேணுமாம். வெய்யிலுக்கை நிக்கிறா.”

“வாறன், வாறன். அவவை நிழலுக்கை இருக்கச் சொல்லு.”