பத்து மணிக்கு எண்ணிய தலைகள்

எழுபதுகளின் தொடக்கத்தில், பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்த கையோடு, அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தொடக்கப் பள்ளிகளுக்குப் போய், பதிவேட்டில் உள்ள பெயர்களையும் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளையும் ஒப்பிட்டு அரசுக்கு அறிக்கை தர வேண்டும்.

மயிலாப்பூருக்குக் கிழக்கே, மீனவர் குப்பத்தை ஒட்டிய ஒரு சின்னப் பள்ளிக்குக் காலை பத்து மணிக்குப் போனேன். பாதி வகுப்பு காலி. பதிவேட்டிலோ எல்லாருக்கும் வருகை போட்டிருந்தது.

தலைமையாசிரியை தடுமாறவில்லை. "பொண் கொழந்தைகள்லாம் பன்னண்டு மணிக்கு வந்துடுவா. அம்மா மீன் வித்துட்டு வரவரைக்கும் கைக்குழந்தையைப் பாத்துண்டிருக்கா. கொஞ்சம் இருந்து பாத்துட்டுப் போங்கோ."

நான் இருக்கவில்லை. இன்னும் இரண்டு பள்ளிகள் பாக்கியிருந்தன. உண்மையைச் சொன்னால், அவரை நான் நம்பவும் இல்லை. கண்ணில் பட்டதை எழுதிக்கொண்டு கிளம்பினேன்.

அறிக்கையில் பொய் வருகைக்கு அந்தப் பள்ளியைத்தான் உதாரணமாகக் காட்டியிருந்தேன். இயக்குநர் அந்தப் பக்கத்தைக் கூட்டத்தில் வாசித்தார். என் வேலை நிரந்தரமானது. அடுத்த ஆண்டு, பிள்ளைகள் போதவில்லை என்று அந்தப் பள்ளியை மூடி, பெரிய சாலைக்கு அப்பால் இருந்த பள்ளியோடு சேர்த்தார்கள். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். எனக்கு மட்டும் அந்தத் தலைமையாசிரியையின் குரல் காதைவிட்டுப் போகவில்லை.

ஒரு நண்பகல் குப்பத்துக்குப் போனேன். பத்து வயதுப் பெண் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். அப்போதுதான் மீன்கூடையோடு வந்த அவள் அம்மாவிடம், பெண் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று கேட்டேன்.

"பாதி நாளாச்சும் போய்க்கினு இருந்துச்சும்மா. யாரோ ஆபீசர் அம்மா வந்து எழுதிக்கினு போச்சாம், மூடிட்டாங்க. புது இஸ்கூல்ல லேட்டா போனா சேக்க மாட்றாங்க."

அது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அவளையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு புதுப் பள்ளிக்குப் போனேன். அங்கிருந்த தலைமையாசிரியர் மரியாதையாகவே பேசினார். "பத்து மணிக்கு வர்ற புள்ளைங்க பேர்தாம்மா பதிவேட்டுல இருக்கணும். மேலேர்ந்து உத்தரவு. ஏதோ ஆய்வு பண்ணாங்களாம்."

வெளியே வந்ததும் சொல்லிவிட்டேன். "அந்த ஆபீசர் அம்மா நான்தான்."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். "அப்ப நீயே மாத்தி எழுதிக் குடேன்மா" என்றாள்.

அன்றே எழுதினேன். இயக்குநர் பொறுமையாகப் படித்துவிட்டுச் சொன்னார்: "இதை அனுப்பினா மத்த பள்ளிகளைப் பத்தி நாம சொன்னதையும் நம்ப மாட்டாங்கம்மா." தாளைக் கோப்பில் வைத்துக்கொண்டார். கல்வித்துறைக்கு என் பெயரில் தனியாகவும் ஒரு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை.

வேலையை விட்டுவிட நினைத்தேன், விடவில்லை. அந்த ஆண்டு முழுக்க அந்தப் பெண் பள்ளிக்குப் போகவில்லை. நான் தினமும் பஸ் ஏறி அடையாறு போய் வந்துகொண்டிருந்தேன்.