வெயிலில் காய்ந்த பேட்டரிக்கட்டை

மகன், தானே செய்த பொம்மை ரயிலுக்கு ஈயம் பற்றவைத்தான். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் சிறுவயதில் பார்த்த பசுமலைப் பள்ளிக் கண்காட்சியில், அக்காவின் ரயில் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன்.

ரயில் எங்கே நின்று எப்போது கிளம்ப வேண்டும் என்று அக்கா ஒரு மெமரி சிப்பில் பதிந்திருந்தாள். கரண்ட் போனால் சிப் அத்தனையும் மறந்துவிடும். நடுவர்கள் வந்து நின்றதும் கரண்ட் போனது.

"அம்புட்டுத்தான், போச்சு," என்றார் அப்பா.

"போகலப்பா. ரேடியோவோட பழைய பேட்டரிக்கட்டைய மாடி வெயில்ல காயவச்சு, சிப்புக்குக் கொடுத்திருக்கேன்," என்றாள் அக்கா.

கரண்ட் வந்தது. யாரும் தொடாமலே ரயில் கிளம்பி, அட்டையில் செய்த வாடிப்பட்டி ஸ்டேஷனில் கச்சிதமாக நின்றது. தலைமையாசிரியை பார்க்கப் பார்க்க அப்பா விசிலடித்தார்.

"கரண்ட் போனா இது எல்லாத்தையும் மறந்துருதும்மா," என்று மகன் என்னை உலுக்கினான்.

"பெரியம்மாவுக்குப் போன் போடுடா," என்றேன்.