நம்பர் ஒரிஜினல்தான்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று நாலு மாதம் காத்திருந்தேன். ஆறவில்லை.

மேனகாவைப் புதுச்சேரியில் லாரி வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். நெல்லித்தோப்புக்காரி, வயது நாற்பத்தாறு. வண்டிப் பதிவு ஆபீஸ் வாசலில் நான் விண்ணப்பப் பாரம் எழுதித் தருகிற மேசைக்குப் பக்கத்தில் அவள் ஸ்டூல். பெயர் மாற்றத்துக்கு வருகிற வண்டியின் அடியில் படுத்து, சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், குத்தியிருக்கிற நம்பர் மேல் பென்சிலைத் தேய்த்து, செல்லோடேப்பை ஒட்டி உரித்தால் நம்பர் டேப்பில் வந்துவிடும். அதைப் பாரத்தில் ஒட்டித் தருவாள். இதற்குப் பேர் பிரிண்ட். சுடிதார் மேல் தம்பியின் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருடமாக லாரிக்கு அடியில் போய் வருகிறாள். ஆரம்பத்தில் சிரித்தவர்கள் எல்லாம் இப்போது அவளுக்காக வரிசையில் நிற்கிறார்கள்.

காரணம் அவள் கட்டைவிரல். பென்சிலை எடுப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு நம்பரைத் தடவுவாள். கம்பெனி குத்தின நம்பர் ஒரே ஆழத்தில் ஒரே வரிசையில் இருக்கும். பழையதை ராவிவிட்டுச் சுத்தியலால் குத்தினது குடிகாரன் நடை மாதிரி இருக்கும். போலீஸ்காரர்களே திருட்டு வண்டிக்கு அவளைக் கூட்டிப் போயிருக்கிறார்கள்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில். வேலைக்கு வந்த புதிதில், கேட்காமலே ஒருத்தரிடம், 'இந்தச் சட்டம் நடுவுல ஒடைஞ்சி வெல்டு வெச்சது' என்று சொல்லிவிட்டாள். விற்க வந்தவன் ஸ்டூலை எட்டி உதைத்தான். ஒரு மாதம் புரோக்கர் எவனும் அவளிடம் ஆள் அனுப்பவில்லை. அப்போது புத்தி சொன்னது யார்? நான்தான். "நம்பரக் கேட்டா நம்பரச் சொல்லு. மிச்சம் நமக்கெதுக்கு வம்பு?" என்றேன். பெரிய மேதாவி.

இந்தத் தை மாதம் வினோத்குமார் வந்தான். பழைய லாரிகளை விற்றுக் கொடுக்கிற புரோக்கர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் தொங்குகிற கூலிங் கிளாஸ். தட்டாஞ்சாவடியில் ஒரு ஷெட்டில் லாரி நிற்கிறது, நம்பரைப் பார்த்துச் சொல்லணும் என்று கூப்பிட்டான். நானும் போனேன்.

மூக்கு நீண்ட பழைய பெட்ரோல் லாரி. பச்சை பெயிண்ட் கண்ணைப் பறித்தது. மேனகா அடியில் போனாள், தடவினாள், வெளியே வந்தாள். அவன் வீடியோவைப் போட்டுப் போனை நீட்டி, "நம்பர் எப்படிக்கா இருக்குது?" என்றான். அவளுக்குக் கூச்சம். "சொல்லேன், நாலு பேர் பாக்கட்டும்" என்று தள்ளிவிட்டதும் நான்தான். "நம்பர் ஒரிஜினல்தான்" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

மூன்று வாரம் கழித்து உழவர்கரையிலிருந்து தமிழ்மாறன் என்று ஒரு பையன் வந்தான். பையன் என்ன, முப்பத்தைந்து இருக்கும். பதினாறு வருடம் லேத் பட்டறையில் நின்றவன். அந்த வேலையை விட்டுவிட்டான். இங்கே சந்துக்குச் சந்து சினிமா படப்பிடிப்பு நடக்கிறது, பழைய காலத்து லாரிக்கு நாள் வாடகை நல்லா வரும் என்று யாரோ சொல்ல, மனைவியின் நகையை விற்று அந்தப் பச்சை லாரிக்கு முன்பணம் கொடுத்துவிட்டான். அன்றைக்குப் பெயர் மாற்றம். லாரியை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு வினோத்குமார் எதிர் டீக்கடையில் நின்றான்.

"நீங்க சொன்னதாலதான்க்கா வாங்குறேன்" என்றான் தமிழ்மாறன்.

"நான் இன்னா சொன்னேன்?"

வினோத்குமார் போட்டிருந்த விற்பனை வீடியோவைப் போனில் காட்டினான். 'பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் துறைமுகத்தில் ஓடிய லாரி. கேபின் முதல் போல்ட் வரை ஒரிஜினல். தென்னிந்தியாவிலேயே இது ஒன்றுதான்.' பின்னாலேயே மேனகாவின் முகம்: "ஒரிஜினல்தான்." முன்னாலிருந்த 'நம்பர்' என்ற வார்த்தையை வெட்டி எறிந்திருந்தான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதாம். என் இடது முழங்காலில் இருக்கிற தழும்பும் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், எவனும் விலை கேட்டு வரவில்லை. மிச்சத்தையெல்லாம் இரும்புக்கடையில் உடைத்துவிட்டார்கள் என்பதற்காக மீந்தது பொக்கிஷமாகிவிடுமா?

மேனகா பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு, தமிழ்மாறன் கையைப் பிடித்து லாரியிடம் இழுத்துப் போனாள். முன் சக்கரத்துக்கு மேலே இருக்கிற வளைவில் காந்தத்தை வைத்தாள். அது நிற்காமல் தரையில் விழுந்தது.

"தகடா இருந்தா புடிக்கும். இது பூரா பட்டி பூசி அடைச்சது, மேல பெயிண்ட். கேபின் ஒரிஜினல்னு போட்டிருக்கான். அந்தக் காலத்துல கம்பெனிக்காரன் மூக்கையும் சட்டத்தையும்தான் குடுப்பான். கேபின நம்ம ஊர் ஆசாரிதான் மரத்துல கட்டுவாரு. இத பாரு, இரும்பு ஷீட்டு. போன வருஷத்து வெல்டு."

கதவுக்குக் கீழே பிரெஞ்சில் எழுதின பித்தளைத் தகடு இருந்தது. திருகாணியைக் கழற்றினாள். தகட்டுக்கு அடியிலும் அதே புதுப் பச்சை. "இது எழுவது வருஷமா இங்கியே இருந்திருந்தா அடியில பழைய பெயிண்ட் இருக்கணும்ல? பெயிண்ட் காஞ்சப்புறம் மாட்டியிருக்கான். எஞ்சினத் தொறந்து பாரு. பெட்ரோல் வண்டில டீசல் எஞ்சினு, வேற வண்டிது."

தமிழ்மாறனின் முகம் செத்துவிட்டது. தகட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான். பிறகு கேட்டான், "இதெல்லாம் வீடியோ எடுத்த அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"அவன் நம்பரத்தான் கேட்டான்" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கேவலமாக இருந்தது, எனக்கும்தான். வெட்டினவன் ஒரு வார்த்தையைத்தான் வெட்டினான். மிச்சம் அத்தனையையும் நாங்களே விழுங்கியிருந்தோம்.

விஷயம் இத்தோடு முடியும், பையன் அந்தப் புரோக்கர் சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். அவன் பாரத்தைத்தான் நீட்டினான்.

"பிரிண்ட் எடுத்துடுங்கக்கா. முன்பணத்த அவன் திருப்பித் தர மாட்டான். நான் வாங்கிட்டு, வந்த வெலைக்கு வேற ஆளுகிட்ட தள்ளிட்றேன். பாக்க வர்றவங்கள உங்ககிட்டதான் கூட்டியாருவேன்."

"கூட்டியாந்தா?"

"பொய் சொல்ல வேணாம்க்கா. நம்பரக் கேட்டா நம்பரச் சொல்லுங்க. எப்பவும் செய்றதுதான?"

மேனகா பென்சிலைக் கீழே போட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. முகம் மட்டும் கன்றிப்போய் இருந்தது. நடுரோட்டில் போய் நின்றுகொண்டு கத்த ஆரம்பித்தாள். யாரும் எதையும் கேட்கவில்லை. வண்டியின் நம்பரைச் சொல்லி, பட்டி, கேபின், தகடு, எஞ்சின் என்று ஒன்று விடாமல் சொன்னாள். டீக்கடையில் கிளாஸ்கள் நின்றுவிட்டன. ஓட்டுநர்கள் வந்தார்கள், மற்ற புரோக்கர்கள் வந்தார்கள், எல்லார் கையிலும் போன். "இந்த வண்டிய எவனாவது அபூர்வம்னு சொல்லி வித்தா, வாங்குனவன் வீட்டுக்கே வந்து சொல்லுவேன்" என்றாள்.

வினோத்குமார் ஓடி வந்தான். "இன்னொரு வண்டி உன்கிட்ட வராது, பாத்துக்க" என்றான். வராது என்பது உண்மைதான். இந்த நாலு மாதத்தில் புரோக்கர்கள் எவனும் அவளிடம் ஆள் அனுப்பவில்லை. அவன் லாரியைத் திருப்பிக்கொண்டு போனான். முன்பணத்தையும் தரவில்லை, நாசமாய்ப் போகிறவன்.

தமிழ்மாறன் கையெழுத்தாகாத பாரத்தோடு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தான். நான் தண்ணீர் கொடுத்தேன், தட்டிவிட்டான். மேனகாவை நிமிர்ந்து பார்த்த பார்வையில் நன்றி என்று ஒரு பொட்டு இல்லை.

"என் வாயில மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களேக்கா" என்றான்.

"ஆமாண்டா" என்றாள் மேனகா. "வீடியோ எடுத்தானே, அன்னைக்கே போட்டிருக்கணும்."