எச்சில் ஊறாத வாய்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று இப்போதே சிரிக்கிறாள். சிரிக்கட்டும். கைக்குழந்தை ஜொள்ளு விடுவதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். யார் வீட்டுப் பிள்ளையானாலும் தூக்கி, முந்தானையால் தாடையைத் துடைத்துவிட்டுத்தான் போவேன். ஈர முந்தானையோடு போய்க் கடையில் நிற்பேன். என் மூத்த மகள் ஒரு நாளும் ஜொள்ளு விட்டதில்லை, அதனால்தான்.

அறுபதுகளில் ராயபுரத்தில் பிறந்தவள் அவள். வாயில் எச்சில் ஊறாது. சோறு ரசத்தில் மிதந்தால்தான் தொண்டையில் இறங்கும். பல் முளைத்த வேகத்தில் சொத்தையாகும். அழுதால் கண்ணிலும் ஒரு சொட்டு வராது. அவள் வயிற்றில் இருந்தபோது நான் கடற்கரை மணலில் கருவாடு காயப்போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்தக் காலத்து நெத்திலிக் கருவாடு இருக்கிறதே... வேண்டாம், அதைச் சொல்லப் போனால் பொழுது போய்விடும். காரணம் அந்தக் கருவாடுதான் என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார்.

"மீன வெயில்ல காய வெச்சிகினே இருந்தா, வயித்துல கீற புள்ளயும் காஞ்சிதான் பூடும். சொன்னா கேட்டியா நீ?"

நானும் அதை நம்பினேன்.

எட்டு வயதில் அவளுக்குப் புதுநன்மை, மாதா கோயிலில் முதன்முதலாக அப்பம் வாங்கும் சடங்கு. கோயிலில் சாமியார் நாக்கில் அப்பம் வைப்பார், அதில் ஏசுசாமியே உள்ளே வருகிறார், கடிக்கக் கூடாது, தானாகக் கரைந்து இறங்க வேண்டும், அதுவரை வேறெதையும் வாயில் வைக்கக் கூடாது என்று கன்னியாஸ்திரி சொல்லிக்கொடுத்திருந்தார். வெள்ளை கவுன், தலையில் துணிப்பூ கிரீடம். வீட்டில் ஆட்டுக்கறி விருந்து. பூசை முடிந்து வந்தவள் சாப்பிடவுமில்லை, பேசவுமில்லை.

"இன்னாடி மகாராணி, கிரீடம் வெச்சதும் இந்தக் கெய்வியாண்ட பேச மாட்டியா?" என்றார் மாமியார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மத்தியானம் என் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப்போய் வாயைத் திறந்து காட்டினாள். காலையில் வைத்த அப்பம் மேலண்ணத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏசு உள்ள வர மாட்றாரும்மா. எம்மேல இன்னா கோவம் அவருக்கு?"

தண்ணீர் கொடுத்தேன். இறங்கிவிட்டது.

"தண்ணிதான் தள்ளிச்சி. அவரா போவல" என்று முகம் கோணி அழுதாள். கண் காய்ந்தே இருந்தது.

மறுவாரம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு லேடி டாக்டர் வாய்க்குள் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். "இது காஞ்சு போனதில்லம்மா. எச்சில் சுரக்கிற இடம் உள்ள முளைக்கவே இல்ல" என்று காகிதத்தில் படம் போட்டார்.

கருவில் வாயின் உள்தோல் ஓரிடத்தில் தடித்து, மொட்டாகி, உள்ளே இறங்குமாம். மொட்டின் நுனியில் பிளவு விழும். ஒன்று இரண்டாகும், அந்த இரண்டும் மறுபடி பிளக்கும், இப்படியே கிளைக்குமேல் கிளை. முதலில் கெட்டியாக இருக்கிற கிளைகள் பிறகு உள்ளே வழிவிட்டுக் குழாயாகும். நுனிகளில் திராட்சைக் கொத்துபோலப் பொடிப்பொடிப் பைகள். அங்கே எச்சில் ஊறிக் குழாய் வழியாக வாய்க்கு வரும். காதோரம், தாடைக்கடியில், நாக்குக்கடியில் என்று இரண்டு பக்கமும் இருக்குமாம். வலையில் சிக்கி வரும் கடல்பாசிபோல் இருந்தது படம். 'தூவென்று துப்புகிறோமே, அந்த எச்சிலுக்கா இவ்வளவு வேலைப்பாடு!' அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கண்ணீர் சுரக்கிற இடமும் இப்படி மொட்டு விட்டுத்தான் வரும். இவளுக்கு ரெண்டுமே வரல" என்றார்.

"நான் கருவாடு காயப்போட்டதாலதான்னு எம்மாமியா சொல்லிகினு கீதும்மா."

டாக்டர் சிரிக்கவில்லை. "ரெண்டாம் மாசத்துல வர்ற மொட்டு அது. அப்ப நீ முழுகாம இருக்கறதே உனக்குச் சரியாத் தெரிஞ்சிருக்காது. நீ ஒண்ணும் பண்ணலம்மா."

எட்டு வருஷமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. வரும் வழியெல்லாம் மகளிடம் மொட்டுக் கதைதான். கிளை கிளையாகக் கையை விரித்துக் காட்டினேன்.

"அந்த மொட்ட யாரும்மா வெக்கணும்?"

"சாமிதான். வேற யாரு?"

நான் காட்டியதுபோலவே தன் கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

"அப்போ கோவம் இல்ல. மறந்துட்டாரு, அவ்ளோதான? பரவால்லம்மா. நானே எத்தினி தபா சிலேட்ட மறந்துட்டு பூட்டுக்கீறேன்."

அவள் முகம் தெளிந்துவிட்டது. எனக்குத்தான் ஆறவில்லை. சிலேட்டை மறப்பதும் பிள்ளை வாயை மறப்பதும் ஒன்றா?

அப்பம் வாங்கியதும் தண்ணீர் குடிக்கலாம் என்று சாமியார் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு அவள் பக்கத்தில் டம்ளரோடு நின்றேன். மடமடவென்று குடித்துவிட்டு வாயை ஆவென்று திறந்து காட்டினாள்.

"பாரும்மா, உள்ள பூட்டாரு!"

சாமியார் அடுத்த அப்பத்தோடு என் பக்கம் வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. மறந்துபோனவரைப் பிள்ளை மன்னித்துவிட்டாள். எனக்கு மனசு வரவில்லை. காலி டம்ளரை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.