மண் வாத்தியாரின் அனுபவப் பகிர்வு

மண் வாத்தியாருக்கு மேடை என்றால் வேப்பங்காய், கரும்பலகை என்றால் உயிர். அப்படிப்பட்டவரை மேடை மேடையாக ஏற்றி, கரும்பலகைப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்க விடாமல் ஒரு பல்கலைக்கழகம் வைத்திருந்தது என்றால், அதற்குத் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை அங்கே கொட்டிக் கிடந்தது.

பிறந்த நாட்டில் அவர் பொறியியல் கல்லூரி ஆசிரியர். மண் எவ்வளவு பாரம் தாங்கும், எப்போது வழுக்கும், எந்தச் சரிவு நிற்கும், எந்தச் சரிவு நம் தலையில் விழும் என்று இருபது வருஷம் சொல்லிக் கொடுத்தவர். மாணவர்கள் வைத்த பெயர்தான் மண் வாத்தியார். கூப்பிட்டால் கோபப்பட மாட்டார், சிரிக்கவும் மாட்டார். சாக்பீஸ் பிடித்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "என்ன சந்தேகம்?" என்பார்.

ஒரு மழைக்காலத்தில் சண்டை ஊருக்குள் வந்தது. கல்லூரியை முதலில் மூடினார்கள். பிறகு அதில் படை வந்து தங்கியது. கடைசியில் கட்டடமே இல்லாமல் போனது. வாத்தியாரும் மனைவியும் மகளும் ஒரு லாரியில் ஏறினார்கள். முன்னால் போன லாரியில் பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் ஏறினார். கல்யாணமாகாத மனுஷன், தினமும் சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுச் சர்க்கரை கம்மி என்று சண்டை போடுகிறவர். பின் லாரியில் இடம் இல்லாததால், மண் வாத்தியாரின் சான்றிதழ்கள் இருந்த தகரப் பெட்டியையும் அவர்தான் மடியில் வைத்துக்கொண்டார். மலைப்பாதையில் ஒரு வளைவில் முன் லாரியின் சக்கரம் சேற்றில் இறங்கி நின்றது. மலை சரிந்தது. லாரியும் கணக்கு வாத்தியாரும் பெட்டியும் அதற்கு அடியில் போனார்கள்.

மிஞ்சியவர்கள் எல்லை தாண்டி வந்து சேர்ந்த ஊரில்தான் இந்தப் பல்கலைக்கழகம். அகதியாக வரும் அறிஞர்களுக்காக அங்கே ஒரு திட்டம் இருந்தது. பெயர் 'தோள் கொடுப்போம்'. விருந்தினர் விடுதியின் பின்பக்கம் இரண்டு அறை கொடுத்தார்கள். மகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். நன்றி மறந்து பேசக் கூடாது, இவ்வளவும் செய்தார்கள். அலுவலகத்தில் பிரிண்டருக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில் ஒரு நாற்காலியும் போட்டார்கள். அதற்கு மேல் சுவரில் பலகை: 'இடம்பெயர்ந்த அறிஞர்'. பெயர் எழுதவில்லை. நாளைக்கு வேறொருவர் வந்தால் பலகையை மாற்றும் வேலை மிச்சம் பாருங்கள்.

வந்த வாரமே அவர் கட்டடவியல் துறைத் தலைவரைப் போய்ப் பார்த்தார். மண்ணியல் பாடத்துக்கு ஆள் இல்லாமல், தலைவரே அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"மூலச் சான்றிதழ் இருக்கா சார்?"

"இருக்கு. மலைக்கு அடியில."

"நகல்?"

"அதுவும் அதே பெட்டியிலதான். கொடுத்த கல்லூரியும் இப்ப இல்ல."

"அடடா," என்றார் தலைவர். உண்மையாகவே வருத்தப்பட்டார். "மூலச் சான்றிதழ் இல்லாம ஒருத்தரை வகுப்புக்குள்ள விட்டா நாளைக்கு என்னைத்தான் கேள்வி கேப்பாங்க. மத்தபடி நாங்க எல்லாரும் உங்க கூட நிக்கிறோம் சார்."

இதைச் சொல்லும்போது அவர் உட்கார்ந்துதான் இருந்தார்.

அழ வைப்பதற்கு மட்டும் சான்றிதழ் தேவைப்படவில்லை. திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் அம்மா நல்ல மனுஷி, இளகின மனசு, மணிக்கு ஒரு தடவை கண் கலங்குவார். அவருக்கு 'அனுபவப் பகிர்வு' என்று ஒன்று இருந்தது. வாத்தியாரை மேடையேற்றி மலைக் கதையைச் சொல்ல வைப்பார். நிறுவன நாள் விழாவில் வாத்தியார் சொன்னார். விளையாட்டுப் போட்டித் தொடக்கத்தில், நீளம் தாண்டுதலுக்கு முன்னால் சொன்னார். வளாகத்துக்குள் வங்கிக் கிளை திறந்தபோது ரிப்பன் வெட்டியதும் அங்கேயும் சொன்னார்.

"சார், மலை வர்ற இடத்துல கொஞ்சம் நிறுத்துங்க," என்பார் அம்மா. "போன தடவை கடகடன்னு போயிட்டீங்க. கேமராக்காரர் லென்ஸ் மாத்துறதுக்குள்ள மலை முடிஞ்சு போச்சு. அப்புறம், தப்பா நினைக்காதீங்க, உங்களுக்குக் கண்ணுல தண்ணியே வர மாட்டேங்குதே?"

வரவில்லைதான். அவரும் முயற்சி செய்து பார்த்தார். ஒவ்வொரு மேடையிலும் ஒரு கண்ணாடி நினைவுப் பரிசு கொடுப்பார்கள். அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் மகள் வாசலிலேயே கேட்பாள்.

"இன்னிக்கு எங்க அழ வச்சீங்கப்பா?"

"பேங்க்ல."

"கண்ணாடி கொடுத்தாங்களா?" என்று உள்ளே இருந்து மனைவி குரல் கொடுப்பார். "கொடுத்திருந்தா அந்த ஜன்னல்கிட்ட வைங்க. காத்துல படபடன்னு அடிச்சுக்குது."

சிரிப்பும் கேலியுமாகத்தான் போயிற்று. ஆனால் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்னங்க, உப்பு இல்லையா?"

"அந்த மனுஷனை நான் தினமும் அதே லாரியில ஏத்தி விடுறேன்," என்றார் வாத்தியார். "ஏத்திவிட்டுக் கைதட்டு வாங்கிட்டு வர்றேன்."

மனைவி தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினார். மேடை வேண்டாம் என்று சொல்லவும் வழி இல்லை. வருஷ முடிவில் திட்டத்தைப் புதுப்பிப்பார்கள். புதுப்பித்தால்தான் இந்த இரண்டு அறை, மகளின் பள்ளிக்கூடம், இந்த ஊரில் இருப்பதே. புதுப்பிக்கலாமா என்று குழுவிடம் சொல்கிறவர் ஒருங்கிணைப்பாளர் அம்மா. ஆகவே வாத்தியார் மறுநாளும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு மேடையேறினார்.

அப்படி ஏறிய ஒரு நாளில்தான் விஷயம் தடம் மாறியது. அரங்கில் கூட்டம் சேரவில்லை என்று கட்டடவியல் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளை வருகைப் பதிவைக் காட்டி மிரட்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வாத்தியார் மலையில் நிறுத்தினார், கேமராக்காரர் படம் எடுத்தார், அம்மா கண்ணைத் துடைத்தார், எல்லாரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில், அதுவரை பையில் ஒளித்து வைத்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"சார், அந்த மலை ஏன் சரிஞ்சுது?"

"கேள்வி நேரம் கிடையாதும்மா," என்றார் அம்மா மைக்கில்.

"இல்ல மேடம், மழை பெஞ்சா எல்லா மலையும் சரியிறதில்லையே. அந்த வளைவு மட்டும் ஏன்?"

எத்தனையோ மேடையில் எத்தனையோ பேர், அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறார்கள். ஏன் சரிந்தது என்று ஒரு ஜீவன்கூடக் கேட்டதில்லை. வாத்தியார் சுற்றுமுற்றும் பார்த்தார். மேடையில் 'கண்ணீர் துடைப்போம்' என்று எழுதிய பெரிய அட்டை நின்றது. அதைத் திருப்பி வைத்தார். பின்பக்கம் சுத்தமான வெள்ளை. சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து ஒரு சாய்கோடு போட்டார்.

"தண்ணி உள்ள இறங்குனா மண்ணுத் துகளுங்களை ஒண்ணுலேருந்து ஒண்ணு தள்ளப் பாக்கும். ஒண்ணை ஒண்ணு பிடிச்சிருக்கிற பிடி தளரும். அது மட்டும்னா அந்த மலை நின்னிருக்கும். ரோட்டை அகலப்படுத்துறேன்னு அடிவாரத்தை வெட்டியிருந்தாங்க, இங்க. கால் இல்லாத ஆளு எப்படி நிப்பான்? லாரி நின்னது சரியா இந்த வெட்டுக்குக் கீழ. எனக்குப் பாத்தவுடனே தெரிஞ்சுது. கத்தினேன். மழைச் சத்தத்துல கேக்கல." அந்த வெட்டைப் பேனாவால் வட்டமிட்டார். "இப்ப, இந்தச் சரிவு எவ்வளவு நேரம் தாங்கும்னு கணக்குப் போட முடியும். எப்படின்னு பாப்போம்."

மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"சார், இன்னிக்கு உணர்ச்சி கொஞ்சம் கம்மி," என்றார் அம்மா பிறகு. ஆனால் அடுத்த வாரம் அவரே மலைத்துப் போனார். ஓட்டிக்கொண்டு வந்தாலும் ஓடிப் போகிற பிள்ளைகள் தாங்களாகவே அவர் அறைக்கு வந்து, அந்த சாரின் அனுபவப் பகிர்வு இன்னொன்று வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். தலைப்பும் அவர்களே கொண்டு வந்திருந்தார்கள்.

'என் துயரத்தின் ஆழம்' என்ற தலைப்பில் அஸ்திவாரத்தை எவ்வளவு ஆழம் தோண்டுவது என்று வாத்தியார் நடத்தினார். 'தாங்கிக்கொண்ட சுவர்கள்' மண் சரியாமல் பிடித்து நிறுத்தும் அணைச்சுவர்ப் பாடம். 'உள்ளே கசிந்த கண்ணீர்' நீர்க்கசிவு, அதில் இரண்டு கணக்குகள். ஒவ்வொரு தடவையும் அம்மா தழுதழுத்த குரலில் அறிமுகம் செய்வார், முன்வரிசையில் துடைப்புத் தாள் பெட்டியை வைப்பார், அடுத்த கூட்டத்துக்கு ஓடுவார். கதவருகில் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். தலை குனிந்து குறிப்பு எழுதும் பிள்ளைகளைப் பின்னாலிருந்து பார்த்து, துக்கம் தாளாமல் குனிந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஈரம் இல்லை என்று யார் சொன்னது என்று அவர் எல்லாரிடமும் பெருமைப்பட்டார். வாத்தியாருக்குக் குற்ற உணர்ச்சி இருந்தது. ஆனால் வீட்டில் சோறு இறங்கியது.

எதுவும் நீடிக்காதே. தன் வகுப்பில் பெஞ்சுகள் காலியாகக் கிடப்பதைப் பார்த்த துறைத் தலைவர், பிள்ளைகளைக் கையும் களவுமாகப் பிடிக்க அரங்குக்கு வந்தார். மேடையில் அணைச்சுவர் படம். கத்த வாயைத் திறந்தவர், படத்தைப் பார்த்து அப்படியே நின்றார். பிறகு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முடியும்வரை கேட்டார், நடுவில் ஒரு தடவை தலையாட்டினார். முடிந்ததும் எழுந்து நேராகப் பதிவாளர் அறைக்குப் புகார் சொல்லப் போனார்.

மறுநாள் மதியத்துக்குச் சற்று முன்னால் விசாரணை. பதிவாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"மூலச் சான்றிதழ் இல்லாத ஆளு வகுப்பு எடுத்திருக்கார் சார்," என்றார் தலைவர்.

"வகுப்பா!" அம்மா பதறினார். "மனசு விட்டுப் பேசியிருக்கார் சார். அதைப் போய் வகுப்புங்கிறாரே!" வாத்தியார் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "சார், அது அனுபவப் பகிர்வுதானேன்னு கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லிடுங்க. அடுத்த வருஷத்தை நான் பாத்துக்கிறேன். இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வாத்தியாரின் கண்முன் இரண்டு அறைகளும் வந்தன. மகளுக்கு இப்போதுதான் பள்ளியில் ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை. சொன்னால் எல்லாம் இருக்கும். சொன்னால் அடுத்த வருஷமும் கணக்கு வாத்தியாரை விழா விழாவாக லாரியில் ஏற்ற வேண்டும்.

"இல்லீங்கம்மா," என்றார். "பாடம்தான். அந்தப் பொண்ணு கேள்வி கேட்டதுலேருந்து எல்லாமே பாடம்."

அம்மாவின் முகம் சுருங்கிப் போயிற்று. "அப்போ நான் அழுதது?"

"மன்னிச்சிடுங்க. அது அஸ்திவாரத்துக்கு."

"பாத்தீங்களா! அவரே ஒத்துக்கிட்டார்!" தலைவர் மேஜையைத் தட்டினார். "லேசுப்பட்ட பாடமா சார்? சரிவு, கசிவு, அணைச்சுவர், மொத்தத்தையும் முடிச்சிட்டார். ஒரு தப்பு இல்ல. நானே உக்காந்து கேட்டேன். நான் வருஷம் பூரா தொண்டை கிழியக் கத்தியும் அதுங்க மண்டையில ஏறாதது இவர்கிட்ட ஏறியிருக்கு. நினைச்சுப் பாருங்க சார்!"

பதிவாளர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். "அப்போ இவருக்குப் பாடம் தெரியும்கிறீங்க."

"தெரியும்! அதுதானே சார் என் புகாரே!"

தலைவர் வாயை மூடினார், திறந்தார், திரும்ப மூடினார்.

"மூலச் சான்றிதழை நாம எதுக்குக் கேக்கிறோம்?" என்றார் பதிவாளர். "ஆளுக்குப் பாடம் தெரியுமான்னு பாக்கத்தானே? துறைத் தலைவரே மேஜையைத் தட்டிச் சொல்லிட்டார். திங்கட்கிழமையிலேருந்து எடுக்கட்டும். எனக்குப் பசிக்குது."

பெரிய மனசா, பெரிய பசியா என்று யாரும் ஆராயவில்லை. ஒருங்கிணைப்பாளர் அம்மா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் தானே வந்து சுவரிலிருந்த பலகையைக் கழற்றிக்கொண்டு போனார். துறையில் மாட்டிய பலகையில் வாத்தியாரின் பெயர் இருந்தது. ஓர் எழுத்துப் பிழையோடு, ஆனாலும் பெயர்.

திங்கட்கிழமை அவர் வகுப்புக்குள் நுழைந்தார். மைக் இல்லை, பூங்கொத்து இல்லை, கேமரா இல்லை. யாரும் எழுந்து கைதட்டவில்லை. பாதிப் பேர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் சாய்கோடு போட்டார். அடிவாரத்தைக் குறித்தார். பின்னால் வேர்க்கடலைப் பெண்ணின் குரல் கேட்டது.

"சார், இது பரீட்சைக்கு வருமா?"

இருபது வருஷம் தினமும் கேட்டு அலுத்துப்போன கேள்வி. ஊரில் இதற்கு அவர் எரிந்து விழுவார். சாயங்காலம் டீக்கு வரும் கணக்கு வாத்தியாரிடம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேறு கேள்வியே தெரியாதா என்று புலம்புவார், அவரும் சர்க்கரை போதவில்லை என்று புலம்புவார். வாத்தியார் திரும்பவில்லை. இத்தனை மேடையில் வராத தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைப்புத் தாள் பெட்டி ஒன்றும் பக்கத்தில் இல்லை. சாக்பீஸ் கையாலேயே முகத்தைத் துடைத்தார், கன்னமெல்லாம் வெள்ளையானது.

"வரும்," என்றார் கரும்பலகையைப் பார்த்தபடியே. "கண்டிப்பா வரும். எழுதிக்கோங்க."